கறிவேப்பிலைக்குப் போட்ட சாம்பல்

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பூச்சிமருந்து இருக்கிறது என்று பரிசோதனையில் தெரிந்த நாளிலிருந்து நான் பயந்து பயந்துதான் குளித்தேன். காட்டுப்பாக்கத்தில் எங்கள் வீட்டைச் சுற்றியிருந்த வயல்களெல்லாம் அடுக்குமாடிகளாகிவிட்டன. வயலுக்குத் தெளித்த மருந்து மட்டும் எங்கும் போகாமல் மண்ணுக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நண்பன்தான் வழி சொன்னான். நான் பாடியில் ஒரு கம்பெனியில் பாய்லர் ஆபரேட்டர். எங்கள் கம்பெனி குப்பையென்று வாரிக்கொட்டும் சாம்பலைக் கேட்டு வாங்கினான். அமிலத்தில் ஊறவைத்து, கழுவி, சுட்டு, டிரம்மில் அடைத்துக் கொடுத்தான். தண்ணீர் அதன் வழியே இறங்கும்போது மருந்தைச் சாம்பல் பிடித்துக்கொள்ளுமாம். பிடித்துக்கொண்டது. அடுத்த பரிசோதனையில் தண்ணீர் சுத்தம். நான் தெருவில் விஞ்ஞானி மாதிரி நடந்தேன்.

மூன்று மாதம் கழித்து விஞ்ஞானி சாம்பலை மாற்றினார். பழைய சாம்பலை என்ன செய்வது? சாம்பல் என்றால் செடிக்கு உரம்தானே. மொட்டைமாடியில் கறிவேப்பிலைத் தொட்டியில் கொட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி ஓர் இணுக்கைக் காட்டினாள்.

"சோக்கா கீதுல்ல? ஒரு ஓட்ட இல்ல, ஒரு பூச்சி இல்ல."

சாம்பல் பிடித்துவைத்திருந்த மருந்து அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாடிக்கு ஓடினேன். மற்ற தொட்டிகளில் எறும்பு ஊர்ந்தது, மாவுப்பூச்சி அப்பியிருந்தது. இந்தத் தொட்டியில் உயிர் எதுவும் இல்லை. விளிம்பில் ஒரு மண்புழு, வெளியே வரப் பார்த்த நிலையிலேயே காய்ந்திருந்தது. இலைகள் பளபளவென்று, அசையாமல் நின்றன. என்னை அடையாளம் தெரிந்த மாதிரி.

பத்து நாளாக ரசத்தில் இதே இலை. கீழேயிருந்து தாளிக்கும் வாசனை வந்தது.

நண்பனுக்குப் போன் போட்டேன். "மாமே, நாக்கு மரத்துப்போன மாதிரி கீதுடா."

"நாக்கு மரத்தவன் இவ்ளோ பேசமாட்டான். சாம்பல் கெட்டியாத்தான் புடிச்சிக்கும். இருந்தாலும் அந்த எலைய துன்னாத. எலையும் மண்ணும் எடுத்துகினு வா, பாத்துடலாம். மொதல்ல ஊட்ல சொல்லு."

சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தாள். பூச்சிமருந்து உள்ளே போனால் கண்பாப்பா சுருங்குமாம்; நான் அவள் கண்ணையே பார்த்தேன். திடீரென்று தும்மினாள். ஆட்டோ பிடிக்க எழுந்தேன்.

"மொளகா நெடிதான்யா. குந்து."

நான்கு நாள் கழித்து முடிவு வந்தது. இலையில் மருந்து இல்லை, மண்ணில் இருந்தது. மண்ணையும் செடியையும் சாக்கில் கட்டி ஆய்வகத்திலேயே ஒப்படைத்தோம்.

இப்போதெல்லாம் ரசம் வைத்தால் முதல் கரண்டி எனக்குத்தான். நான் குடித்து முடிக்கும்வரை அவள் தனக்கு ஊற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.