நடுவில் வந்த உழுவை

என் மேசையில் ஒரு பழைய ஜாம் போத்தல் இருக்கிறது. உள்ளே, ஸ்பிரிட்டில், சுண்டுவிரல் நீள உழுவை மீன்கள். ஸ்பிரிட் வற்றாமல் பார்ப்பது என் வேலை. போத்தல் கைதவறி விழுந்துவிடுமே என்று நடுங்குவது நானாகச் சேர்த்துக்கொண்ட வேலை.

அவற்றைச் சேர்த்தவர் எங்கள் விலங்கியல் துறையின் மூத்த விரிவுரையாளர், நான் அக்கா என்று கூப்பிடுபவர். நயினாதீவுக் கடற்புல்லுக்குள் பிடித்த உழுவைகளின் முதுகுச் செட்டையில், அதாவது துடுப்பில், கரும்புள்ளி இருந்தது. ஊர்காவற்றுறை இறங்குதுறையில் பிடித்தவற்றில் இல்லை. மற்றபடி இரண்டும் உரித்துவைத்த மாதிரி. புள்ளியுள்ளது எவரும் பெயரிடாத இனம் என்று அக்கா நம்பினார். போரின் கடைசி மாதங்களில் காணாமற்போன தன் தம்பியின் பெயரை அதற்கு வைக்க இருந்தார். "செத்தவன் எண்டும் எழுத ஏலாது, இருக்கிறான் எண்டும் எழுத ஏலாது. மீனிலையாவது அவன்ரை பேர் இருக்கட்டும்" என்பார். ஒரேயொரு நிபந்தனை: இரண்டுக்கும் இடைப்பட்ட மீன்கள் அகப்படக் கூடாது. அகப்பட்டால் எல்லாம் ஒரே இனம்தான்.

அதை உறுதிசெய்ய வேலணைச் சேற்றில் இறங்கினோம். காலில் ஏதோ உரச, கடற்பாம்பு என்று அலறிக்கொண்டு சேற்றில் குந்திவிட்டேன். உரசியது என் செருப்பின் அறுந்த வார். "எழும்பும். பாம்பு பயந்து ஓடியிட்டுது" என்றார் அக்கா. எழுந்தபோது என் கைவலையில் ஓர் உழுவை. செட்டையில் புள்ளி அரைகுறையாக, புகை படிந்தாற்போல். அப்போதுதான் உண்மையாகப் பயந்தேன். பயந்தால் எனக்குப் பகிடிதான் வரும்.

"அக்கா, இதிலை ஊத்தை பட்டிருக்கு. கழுவினால் போயிடும்."

அவர் வாங்கிக் கழுவினார். பெருவிரலால் மெல்லத் தேய்த்தார். வயிற்றுச் செட்டைகள் ஒட்டிக் கிண்ணமாகியிருக்கும் மீன் அது. அந்தக் கிண்ணத்தால் அவர் உள்ளங்கையைப் பற்றிக்கொண்டு கிடந்தது.

"போகேல்லை. இன்னும் பிடியும்."

பிடித்தோம். கறுப்பு, மங்கல், அதைவிட மங்கல், வெறுமை என்று எல்லாச் சாயலும் அந்த ஒரே சேற்றிலிருந்து வந்தன.

"எல்லாத்தையும் விட்டிடுவம் அக்கா. ஆருக்குத் தெரியப்போகுது?"

"தம்பியைக் காணேல்லை எண்டதுக்கு என்னட்டை எத்தினை அத்தாட்சி கேட்டவை. மீனுக்கு நான் கேக்காமல் விடுறதோ?"

மூன்று இடத்து மீன்களையும் ஒரே போத்தலில் போட்டு, ஏற்கெனவே அறியப்பட்ட பழைய இனத்தின் பெயரைத் தன் கையாலேயே எழுதி ஒட்டினார். இப்போது கனடாவில் இருக்கிறார். தொலைபேசியில் மழை, பனி எல்லாம் விசாரிப்பார், மீனை விசாரிப்பதில்லை.

போன கிழமை ஒரு மாணவி போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஸ்பிரிட் எல்லாவற்றையும் வெளிற வைத்துவிட்டது. புள்ளியைத் தேடித்தான் காண வேண்டும்.

"எல்லாம் ஒண்டுதானே, சேர்?"

பகிடி ஒன்றும் வரவில்லை.

"ஓம்" என்று சொல்லி, போத்தலை வாங்கி மூடியை இறுக்கினேன்.