நீரூற்றுத் தொட்டிக்குள் அப்பா

சென்னையில் பழைய நீரூற்றுகளைச் சீரமைக்கும் வேலையில் சேர்ந்திருக்கும் என் மகள், நேற்று மாலை திருநின்றவூர் வீட்டுக்குள் நுழைந்ததும், அவள் உடையிலிருந்து பாசியும் பிளீச்சிங் பவுடரும் கலந்த வாசனை வந்தது. வேலை முடித்து வரும் என் அப்பாவிடமும் இதே வாசனைதான் வரும்.

நான் சிறுமியாக இருந்தபோது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை வாசலில், இப்போது லாரிகள் நிற்கும் இடத்தில், மோட்டார் ஓடினால் தண்ணீர் கொட்டும் குடத்தை ஏந்திய பெண் சிலையும் அதைச் சுற்றி ஒரு தண்ணீர்த் தொட்டியும் இருந்தன. அதைச் சுத்தம் செய்வது அப்பாவின் வேலை. மின்பெட்டியிலிருந்து ஃபியூஸைப் பிடுங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, தேங்காய் நாரால் சிலையின் பாதங்களைத் தேய்ப்பார். அம்மா அந்த ஃபியூஸை மடியில் செருகிக்கொண்டு மின்பெட்டியருகே நிற்பாள். நார் உரசும் சத்தம் ஓயும்போதெல்லாம் நான் ஓடிப்போய்த் தொட்டிக்குள் எட்டிப்பார்ப்பேன்.

"இன்னாம்மா, ஊட்டுக்காரர மடியில முடிஞ்சிக்கினு நிக்கிற?" என்பார் டீக்கடைக்காரர்.

"ஆமாண்ணா, உட்டா உங்கடையிலயே குந்திக்கினு இருப்பாரு."

ஒருநாள் அப்பா கரையேறியதும், துண்டு கொடுக்க அம்மா ஃபியூஸோடு பெட்டியை விட்டு நகர்ந்தாள். அப்பா தலை துவட்டிக்கொண்டிருக்கையில் குடத்திலிருந்து தண்ணீர் பீறிட்டது. அதே பெட்டியிலிருந்து மின்சாரம் போகும் தன் கடையில் விளக்கு எரிய வேண்டுமென்று, டீக்கடைக்காரர் ஃபியூஸ் இருந்த இடத்தில் கம்பியைச் சுற்றியிருந்தார்.

"இன்னிக்கு கரண்ட ஆஃப் பண்ணீங்களா?" என்று மகளிடம் கேட்டேன்.

"பண்ணிட்டதா ஆபீஸ்ல சொன்னாங்கம்மா."

"பெட்டிகிட்ட யார் நின்னாங்க?"

"யாரும் நிக்கலையே, ஏன்?"

"நாளைக்கு எத்தினி மணி ட்ரெயின்? நானும் வரேன்."