கிணற்றில் போட்ட ஐஸ்

எங்கள் ஊரில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். அப்படி என் சாச்சிக்கு, உம்மாவின் தங்கைக்கு, வந்து சேர்ந்த சாச்சா வெலிமடை மலைப் பக்கத்துக்காரர். கையில் ஒரு பை. பஸ்ஸில் வழி நெடுக மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த ஒரு பூச்சட்டி. சட்டியில் பூ இல்லை, நீட்டு நீட்டாக இலைதான் இருந்தது.

“என்னகா இது, மாப்புள ஒரு கட்டுப் புல்லோட வந்திருக்காரு! ஆடு வளக்கப் போறாரோ?” என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டதை அன்று எங்கள் இரண்டு வீடும் இருந்த வளவே சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

அது ஓர்கிட் என்று சாச்சா சொன்னார். குளிர் ஊர்ச் செடி. மண்ணில் நடக் கூடாதாம். கரித்துண்டும் தேங்காய்த் தும்பும்தான் அதற்கு மண். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர் என்பதால் மழைத் தண்ணீரை வாளியில் பிடித்து மூடி வைத்து ஊற்றுவார். கடல் காற்று இலையில் உப்புப் படிய வைக்கும். அதை ஈரத் துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைத்துவிடுவார். அந்தத் துணியைப் பிழிந்து கொடுப்பது என் வேலை. எனக்கு அப்போது ஒன்பது வயது. வாப்பா கட்டாரில் இருந்தார். எங்கள் வீட்டுக்கும் சாச்சி வீட்டுக்கும் சேர்த்து வளவுக்குள் இருந்த ஒரே ஆம்பிளை சாச்சாதான். சைக்கிள் பாரில் உட்காரவைத்து என்னைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டதும் அவர்தான்.

இலை செழித்தது. முதல் வருசம் பூக்கவில்லை. ஒருநாள் இலை துடைக்கும்போது அவர் சாச்சியிடம் கதைத்தது என் காதில் விழுந்தது. மகன் பெண்சாதி வீட்டோடு போய் இருப்பது அவருடைய உம்மாவுக்குப் பிடிக்கவில்லையாம். புறப்படும்போது அவதான் சட்டியைக் கையில் கொடுத்து, “அந்த உப்புக் காத்துல இது பூத்தா, நீயும் அங்க நல்லா இருக்கிறாய்னு நம்புறன்” என்றாவாம்.

“பூத்த உடனே தூக்கிட்டு ஊருக்குப் போயிருவன்” என்றார் சாச்சா.

“அதுவரைக்கும் போறல்லையா?”

“வெறும் இலையக் கொண்டுபோய் எப்பிடிக் காட்டுற?”

அடுத்த தெருவில் ஒரு மாப்பிள்ளை பெருநாளைக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவேயில்லை. அந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து சாச்சா வீடு வரும்வரை வாசல் படலையிலேயே நிற்பேன். இப்போதும் நான் அப்படித்தான். பிள்ளைகள் வர ஐந்து நிமிசம் பிந்தினால் படலைக்கும் அடுப்புக்குமாக நடப்பேன். அன்று எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: பூத்தால் சாச்சா போய்விடுவார்.

அடுத்த வருசம், அவருடைய ஊரில் மொட்டு விடும் காலம் வந்தது. இரவு குளிர்ந்தால்தான் மொட்டு விடுமாம். சாச்சா சந்தையில் மீன் வியாபாரம் செய்தார். மீன் பெட்டியில் மிஞ்சிய ஐஸை ஒரு பையில் கட்டிக் கொண்டுவந்து, பொழுதுபடும் நேரத்தில் சட்டியைச் சுற்றி வைத்துவிட்டு மஃரிப் தொழப் பள்ளிக்குப் போவார்.

“எனக்கு ஒரு ஐஸ் பழம் வாங்கித் தந்திருப்பீங்களா? புல்லுக்கு மட்டும் ஐஸ் வைக்கீங்க” என்பாள் சாச்சி.

“நீ பூத்துட்டாய், புள்ள. அதுதான் இன்னும் பூக்கல்ல.”

அவர் சைக்கிள் படலையைத் தாண்டியதும் நான் ஐஸை எடுத்துக் கிணற்றில் போடுவேன். பையில் கொஞ்சம் தண்ணீரை ஊற்றி இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன். தொழுதுவிட்டு வந்து பையைத் தொட்டுப் பார்ப்பார்.

“என்ன வெக்கை இந்த ஊர்ல! ஒரு தொழுகை நேரம் தாங்குதில்லையே.”

மறுநாள் இன்னும் பெரிய கட்டியாகக் கொண்டுவருவார். தூக்க மாட்டாமல் தூக்கிப் போடுவேன். “கிணத்துத் தண்ணி என்னகா மீன் நாறுது?” என்று உம்மா ஒரு கிழமையாக எல்லோரையும் கேட்டுக்கொண்டு திரிந்தா.

மொட்டு வரவில்லை. ஒரு காலையில் ஊரிலிருந்து போன் வந்தது. அவருடைய உம்மா மௌத்து, இரவே உயிர் போய்விட்டதாம். சாச்சா சட்டையைக்கூட மாற்றாமல் பஸ் ஏறினார். நான் படலையில் நின்றேன். பூக்காமலே போய்விட்டாரே என்று நினைத்தேன்.

போன மாதம் என் மகள் போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள். ஓர்கிட் மொட்டு விட வாரக் கணக்கில் காற்றே குளிர வேண்டுமாம். ஒரு பை ஐஸால் ஒன்றும் நடந்திருக்காதாம். “அப்ப உங்கிட பிழ இல்லதானே உம்மா?” என்றாள். ஓம் என்றேன். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கும் அவள் சொல்லும் விசயம் விளங்காமல் இல்லை. ஆனாலும் ஐஸ் பெட்டியோடு ஒரு மீன் லொறி தெருவால் போனால் இன்றும் என் கை குளிர்ந்துபோகிறது.

அன்று பஸ் ஏறிப் போன சாச்சா எட்டாம் நாள் திரும்பி வந்தார். படலை திறக்கும் சத்தம் கேட்டு ஓடினேன். முகம் கறுத்திருந்தது. உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து, எப்போதும்போல மழைத் தண்ணீர் ஊற்றி, இலை துடைக்கக் குந்தினார். நான் துணியைப் பிழிந்து கொடுத்தேன். அன்று ஐஸ் கொண்டுவரவில்லை.

“சாச்சா, இனி ஊருக்குப் போக மாட்டீங்கதானே?”

ஒரு இலையை அடியிலிருந்து நுனி வரை துடைத்து முடித்தார்.

“இனி அங்க யாருக்கிட்ட போற, மகள்?”

எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். துணியைப் போட்டுவிட்டு வளவைக் கடந்து ஓடினேன். உம்மா அரிசி களைந்துகொண்டிருந்தா.

“உம்மா! சாச்சா இனிப் போக மாட்டாராம்! இனி யாருக்கிட்ட போறன்னு அவரே கேட்டாரு!”

உம்மாவின் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது. இவ்வளவு நல்ல செய்தியைக் கொண்டுவந்திருக்கிறேன், உம்மா ஏன் சிரிக்கவில்லை என்று எனக்கு விளங்கவேயில்லை.