இறால் முட்டையும் கிணற்றுத் தண்ணீரும்

தொண்டிப் பக்கம் இறால் குஞ்சுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்போதுதான் இட்ட முட்டைகளை உப்பில்லாத கிணற்றுத் தண்ணீரில் அலசிவிட்டேன். உப்புப் பட்டால் மிளகாய்ச் செடி கருகிப்போகும் முதுகுளத்தூர்க்காரி நான். உப்புத் தண்ணீரில் கிடந்த முட்டைகளைப் பார்க்கப் பாவமாக இருந்தது; அதனால்தான் அலசினேன். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் எல்லாம் வெடித்திருந்தன. என் மேல் எனக்கே எரிச்சல்.

கூட வேலை பார்த்த அக்கா, "கடத்தண்ணியில கெடந்தாத்தான் முட்டையைச் சுத்தி உறை வரும். உள்ள இருக்குற என்சைம் அதைக் கெட்டியாக்கும். நீ சும்மா இருந்தாப் போதும்" என்றார்.

மறுமுறை சும்மா இருந்தேன். ஒவ்வொரு முட்டையைச் சுற்றியும் கண்ணாடி வளையல்போல உறை தெரிந்தது.

ஊருக்குப் போனதும், மிளகாய்க் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த, என்னைப் பெற்ற அய்யாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"உப்புத் தண்ணி உசுரைக் காக்குதாக்கும்? மெதுவாப் பேசு, செடிக்குக் கேட்டுறப் போகுது" என்றார்.