கட்பீஸின் இடது கண்

மயிலாளுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற துணியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அவளுக்குத் தப்பாது. எல்லோரையும் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவாள். சூப்பர்வைசரும் கண்ணு, டீக்காரரும் கண்ணு. வெட்டுத்துணிக் குவியலில் படுத்துக் கிடந்தே கட்பீஸ் என்று பேர் வாங்கிய கம்பெனி நாயும் கண்ணுதான். அவளுடைய மத்தியானச் சோற்றில் பாதி அதற்குப் போய்விடும்.

2006இல், ஆடிக்காற்று சமயம், கட்பீஸ் இடது கண்ணை இடுக்கிக்கொண்டு வந்து நின்றது. நீராக வழிந்தது. முன்காலால் முகத்தைத் தேய்த்தது. வெளிச்சம் பட்டால் தலையைத் திருப்பிக்கொண்டது.

"டாக்டர்கிட்டக் காட்டோணுமுங்க அக்கா," என்றார் கட்டிங் மாஸ்டர் நாச்சிமுத்து.

மயிலாள் சிரித்தாள். "பஞ்சுத் தூசிக்கு ஆராச்சும் ஆஸ்பத்திரி போவாங்களா? நம்மளுக்கு வாரதுதானுங்க."

அவளை மட்டும் சொல்லி என்ன? பஞ்சு பறக்கிற அந்த ஹாலில் யாருக்குத்தான் கண் சிவக்கவில்லை? எப்போதோ யாருக்கோ டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து மேஜை டிராயரில் கிடக்கும். கம்பெனிக்கே அதுதான் வைத்தியம். அதையே நாய்க்கும் ஊற்றினாள். சிவப்பு குறைந்தது. "பாத்தீங்களா?" என்று பெருமை வேறு. ஆனால் கட்பீஸ் கண்ணைத் திறக்கவே இல்லை. துணியில் ஒரு நூல் விட்டிருந்தால் கவனித்திருப்பாள், பாவி!

கருவிழியில் வெள்ளையாகப் பூ விழுந்த பிறகுதான் பதறிப்போய், நாயை மடியில் வைத்துக்கொண்டு நாச்சிமுத்துவின் வண்டியில் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினாள். கையோடு கொண்டுபோயிருந்த சொட்டு மருந்தை டாக்டர் வாங்கிப் பார்த்தார்.

"இது தூசி இல்லம்மா, புண்ணு. முள்ளு ஏதாவது கீறியிருக்கும். புண்ணு இருக்கறப்ப இந்த மருந்தை ஊத்தவே கூடாது. சிவப்பு அடங்கிரும், உள்ள புண்ணு பெருகிரும். கண்ணை இடுக்கினா வலிக்குதுன்னு அர்த்தம். அன்னிக்கே வந்திருந்தாக் காப்பாத்தியிருக்கலாம்."

கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று.

அதற்கப்புறம் மயிலாளுக்குச் சோறு இறங்கவில்லை. பாதிச் சோறு போய், முழுச் சோறும் நாய்க்கு என்றானது. கட்பீஸுக்கு அவள்மேல் ஒரு கோபமும் இல்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், மருந்து ஊற்றத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, தையல் போட்டு மூடிய பக்கத்தைத் தானாகவே தூக்கிக் காட்டும்.

"வேண்டாஞ் சாமி, வேண்டாம்," என்பாள் மயிலாள். யாரையுமே கண்ணு என்று கூப்பிட அவளுக்கு அதன்பிறகு நா எழவில்லை.