மாதிரிப் படகில் இருவர்

இதைக் கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் டனீடனுக்கு வந்து ஆய்ல்சாவைப் பார்க்கலாம். பார்க்கத்தான் முடியும். இதைப் பற்றி அவள் வாய் திறப்பதில்லை. எனக்குச் சொன்னவன் அவளோடு வேலை பார்த்த ராவிரி. அன்று அந்த அறையில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். அவன் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

ஜூலை மாதம், இங்கே குளிர்காலம். ஒரு சனிக்கிழமை. பட்டப்பகல். தெற்கிலிருந்து வந்த ஆலங்கட்டி மழை ஜன்னலில் அறைந்துகொண்டிருந்தது. ரக்பி ஆட்டம் என்று அலுவலகத்தில் மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

அவர்கள் உருவாக்கிக்கொண்டிருந்தது சிறு படகுக்காரர்களுக்கான ஓர் இணையதளம். கடலுக்குள் போகுமுன் யார் போகிறார்கள், எப்போது திரும்புவார்கள் என்று அதில் சொல்லிவிட்டுப் போகலாம். வேலை முடியும்வரை நிஜ ஆட்களை வைத்துச் சோதிக்க முடியாதல்லவா? அதனால் ஆய்ல்சா சில படகுகளையும் ஆட்களையும் கற்பனையாக ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தாள். அந்தக் கோப்பில் ஓர் எழுத்து மாறினால் போதும். தளம் பழைய மாதிரிகளைத் தானே துடைத்துவிட்டுப் புதியவற்றை ஏற்றிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் நிறுத்தித் தொடங்கும் தொல்லை இல்லை. ஏற்றியதும் 'டிங்' என்று ஒரு மணியோசை. அந்த ஏற்பாடு அவள் செய்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மூன்று மணி பத்து நிமிடம்.

டிங்.

ஆய்ல்சாவின் கை தேநீர்க் கோப்பையில் இருந்தது. திரும்பிப் பார்த்தாள்.

"கோப்புல கை வச்சியா?"

"நான் கறி பஃப் தின்னுட்டு இருக்கேன், மகராசி. கையெல்லாம் குழம்பு."

திரையில் எல்லாம் பழையபடியே இருந்தது, ஒரு படகைத் தவிர. 'கருகின ரொட்டி.' ஏப்ரலில் ஏதோ விளையாட்டாக அவள் வைத்த பெயர் அது. அதில் ஒருவர் என்று எழுதியிருந்தாள். இப்போது இருவர் என்று இருந்தது.

கோப்பைத் திறந்தாள். அங்கே ஒருவர்தான். கடைசியாக மாற்றியது செவ்வாய்க்கிழமை.

"ராவிரி, இது உன் வேலைதானே?"

"எனக்கு வேற வேலை இல்ல பாரு. நீ வளர்த்த பூதம், நீயே மேய்ச்சுக்கோ."

டிங்.

படகின் பெயருக்குக் கீழே புதிதாக ஒரு வரி.

'இயந்திரம்: நின்றுவிட்டது.'

இயந்திரத்துக்கென்று அந்தத் தளத்தில் ஓர் இடமே கிடையாது. அவள் அப்படி ஒன்றைச் செய்யவே இல்லை.

தானாக ஏற்றும் ஏற்பாட்டை நிறுத்தினாள். நின்றுவிட்டதா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டாள். ராவிரி பஃப்பைக் கீழே வைத்துவிட்டு அவள் பின்னால் வந்து நின்றான்.

டிங்.

'இடம்: தையரி ஆற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே. தண்ணீர்: முழங்கால்.'

"போன் போடு," என்றான் ராவிரி. அவன் குரல் மாறியிருந்தது.

கடல் மீட்பு மையத்தில் ஒருவர் எடுத்தார்.

"படகு பேரு என்னங்க?"

"கருகின ரொட்டி."

"அப்படி ஒரு படகே எங்க பதிவுல இல்லையே. உங்களுக்கு யார் சொன்னது?"

"என் கணினி... மாதிரிக்குன்னு நானா எழுதி வச்ச படகுங்க அது..."

"இந்தக் காத்துல நாங்க நிஜப் படகுகளையே தேடி முடியாம கிடக்கோம். வைங்கம்மா."

டிங்.

'தண்ணீர்: இடுப்பு.'

டிங்.

'தண்ணீர்: மார்பு.'

பிறகு மணி அடிக்கவில்லை... வரி மட்டும் வந்தது. ஓர் எழுத்து... இன்னோர் எழுத்து... யாரோ தட்டித் தட்டி எழுதுவது போல.

'நான் அப்பா தோளில் உட்கார்ந்திருக்கிறேன்.'

ஆய்ல்சா கத்திவிட்டாள்.

"அழி! அந்த எழவ அழிச்சுத் தொலை!" என்றான் ராவிரி.

கோப்பில் அந்தப் படகின் வரிகளை மொத்தமாக அழித்தாள். சேமித்தாள்.

மூன்று நாற்பத்தொன்று.

டிங்.

படகு இல்லை.

மழை மட்டும். ராவிரிக்கு ஏனோ சிரிப்பு வந்தது. ஆய்ல்சா மேசையில் தலை சாய்த்து அழுதாள்.

மறுநாள் செய்தியில் வந்தது. தையரியிலிருந்து சனிக்கிழமை மீன் பிடிக்கப் போன ஒரு தகப்பனும் ஒன்பது வயது மகளும் திரும்பவில்லை. இன்றுவரை உடல்கள்கூடக் கிடைக்கவில்லை. படகை அந்த வாரம்தான் வாங்கியிருக்கிறார்; பதிவு செய்யவில்லை. சனிக்கிழமை காலை மகள் ரொட்டியைக் கருக்கிவிட்டாளாம். இருவரும் சிரித்துக்கொண்டே போய் அந்தப் பெயரைப் படகில் தீட்டினார்களாம். தாய் சொன்னது இது.

திங்கட்கிழமை மீட்பு மையத்திலிருந்து ஓர் அதிகாரி அலுவலகத்துக்கே வந்தார். போனை எடுத்தவரேதான். முகம் வெளுத்திருந்தது. அன்று தையரிப் பக்கமிருந்து ரேடியோவில் ஒரே ஒரு அழைப்பு பதிவாகியிருந்ததாம். சின்னப் பெண்ணின் குரல். மூன்று நாற்பத்தொன்றுக்கு வந்து, பாதியில் அறுந்துபோனது. உதவி என்ற வார்த்தையே அதில் இல்லை. என்ன சொல்கிறாள் என்று அங்கே யாருக்கும் விளங்கவில்லை.

"உங்களுக்குப் புரியுதான்னு கேட்கத்தான் வந்தேன்," என்று பதிவை ஓடவிட்டார்.

அலையின் இரைச்சல். அதற்குள் அந்தக் குரல்.

"ஆய்ல்சா... அழிச்சிடாதீங்க... நாங்க இன்னும் இருக்கோம்..."