முயற்சிக்கு மூன்று வாக்கியம்

மெக்சிகோவில் உள்ள எங்கள் கம்பெனி ஆலைக்கு, புது மெஷின் பழக மூன்று மாதம் ஒரே ஒரு ஆளை அனுப்பப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். ஸ்பானிஷ் பேசினால் நல்லது என்று கீழே ஒரு வரி. விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்தவள் நான். அந்த இடம் எனக்கு வேண்டும்.

எங்கள் ஊர் வடக்குப்பட்டில் கம்பெனி பஸ் ஏறியதும் போனில் பாடம். இலவச ஆப் என்பதால் தப்புப் பண்ணினால் அடுத்த பாடம் திறக்காது. ‘முயற்சி’ என்ற பாடத்திலேயே இரண்டு மாதம் குடியிருந்தேன். ‘திராத்தோ’ என்றால் முயன்று பார்க்கிறேன். ‘மே எஸ்ஃபுவெர்சோ’ என்றால் பாடுபடுகிறேன். முன்னால் ‘என்னை’ என்று ஒரு சொல்லைப் போட்டு, தன்னையே பிடித்துத் தள்ளவேண்டும். ‘ஆகோ லோ கே புவேதோ’, முடிந்ததைச் செய்கிறேன். லீவு கேட்டால் சூப்பர்வைசர் சொல்லும் ‘பாக்கலாம்மா’வுக்கு உடன்பிறந்த அண்ணன்.

பக்கத்து சீட்டில் இருந்த, கம்பெனி பெயின்ட் செக்‌ஷன் அக்கா கேட்டாள்: “இன்னாடி, காலங்காத்தால மந்திரம் ஓதிக்கினு கீற?”

“மெக்சிகோ போறதுக்குக்கா.”

“சத்தமா ஓது. டிரைவரும் கத்துக்கினு மெக்சிகோ வரட்டும்.”

கடைசியில் போட்டிக்கு நின்றது இரண்டே பேர். நானும், மெயின்டனன்ஸ் தம்பியும். அவனுக்குத் தெரிந்த ஸ்பானிஷ் ஒரே சொல்: ‘லிஸ்தோ’. ரெடி என்று அர்த்தம்.

வீடியோ இன்டர்வியூவில் மெக்சிகோ மேனேஜர், மெஷின் லைன் நின்றால் என்ன செய்வாய் என்றார். ‘திராத்தோ’, முயன்று பார்ப்பேன் என்றேன். அப்புறம்? பாடுபடுவேன். அப்புறம்? முடிந்ததைச் செய்வேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “லைன் ஓடுமா, ஓடாதா?” என்றார். அதற்கான பாடம் பூட்டிக் கிடந்தது.

அடுத்து தம்பி. கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். மேஜையை மெஷினாக்கி, மூடியைத் திறந்து, சென்சாரைத் துடைத்து, பட்டனை அழுத்தி, “லிஸ்தோ” என்றான். அவனே போனான்.

அன்று பஸ்ஸில் போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். அக்காதான் ஆரம்பித்தாள்: “ரெண்டு மாசமா பண்றேன் பண்றேன்னே சொல்லிக்கினு இருந்த. பண்ட்டேன்னு ஒரு தபா சொன்னியா நீ?”

போன வாரம் தம்பியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ்: “அக்கா, இங்க ஒரு ஸ்பேர் பார்ட் கேட்டு மூணு நாளா நிக்கிறேன். கேட்டா ‘ஆகோ லோ கே புவேதோ’ன்றானுங்க. இன்னாக்கா அர்த்தம்?”

“பாக்கலாம்னு அர்த்தம்பா. நீயே ஸ்டோருக்குப் போய் எடுத்துக்கோ” என்று பதில் அனுப்பினேன்.